எழுதுகிறவர் ஏறுவதில்லை

நான்கு வருஷமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வறண்டு கிடந்த கால்வாயில், சிமெண்ட் தரைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்த பன்னிரண்டு மரப் படகுகளில், ஏழாவது படகின் முன் இருக்கை மட்டும் நனைந்திருந்தது. மழை ஈரம் என்று சொல்ல முடியாது. மழையென்றால் பக்கத்து இருக்கையும் நனைந்திருக்கும். மேலே தகரக் கூரை வேறு இருந்தது. ஈரத் துணியோடு ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி, சரியாக ஓர் ஆள் அளவுக்கு இருந்தது அந்த ஈரம். ஜம்புநாதன் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பூ ஜாடியில் ஒரு வாரம் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை. விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, நோட்டில் ‘படகு எண் 7, முன் இருக்கை: கசிவு, பார்க்கவும்’ என்று குறித்துக்கொண்டார். பதினைந்து வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தவருக்குப் பயம் வந்தால்கூட முதலில் ஒரு குறிப்பாகத்தான் வரும்.

2009 ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி. வானத்தில் ஒரு மேகம் இல்லை. எந்தப் பேயும் வேலைக்கு வரக்கூடிய நேரம் அல்ல.

இர்விங் நகரத்தில், லாஸ் கொலினாஸ் பக்கம், ஒன்பதாவது மாடியில் இருந்தது ஜம்புநாதனின் ஆபீஸ். ஒன்றரை மாத ஆட்குறைப்பில் அந்த மாடியில் மூன்றில் ஒரு நாற்காலி காலியாகிவிட்டது. டல்லஸுக்கு வடக்கே ஒரு மணி நேர டிரைவில், ஏரிக்கரையில், ஐம்பது வயதான ஒரு தீம் பார்க். முன்பக்கம் வானத்தைக் குத்துகிற ரோலர் கோஸ்டர்கள். பின்பக்கம், இந்தப் படகுகள் கிடந்த, யாரும் எட்டிப் பார்க்காத பழைய பகுதி. அந்தப் பழைய பகுதியை மேம்படுத்த யோசனைகள் வேண்டும் என்று பார்க் முதலாளிகள் அவருடைய கம்பெனியிடம் கேட்டிருந்தார்கள். மார்ச்சில்தான் பார்க் திறக்கும். அதற்குள் அறிக்கை வேண்டும்.

மேலாளர் டெப்ரா சுற்றிவளைக்கவில்லை. “இது அவங்களுக்குப் பிடிச்சா நீ இருக்கே, கோபாலசாமி. பிடிக்கலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

வேலை போனால் விசா போகும். விசா போனால் பாதி வழியில் நிற்கும் கிரீன் கார்டு அங்கேயே படுத்துவிடும். மனைவி விசாலாக்ஷியும், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் விஷாகாவும் பெட்டி கட்ட வேண்டியதுதான். வேறெதையும் அவர் கேட்கவில்லை. குடும்பம் இருக்கிற இடத்தில் இருந்தால் போதும்.

கோபாலசாமி என்று டெப்ரா கூப்பிட்டது அவரைத்தான். கோபாலசாமி அவருடைய அப்பா. விசா விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நம்மவர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்பதால், எல்லோரையும் போல அப்பாவின் பெயரை அதில் எழுதிவிட்டார். மனைவிக்கும் மகளுக்கும் அதே கட்டத்தில் ஜம்புநாதன் என்ற அவர் பெயர் விழுந்தது. ஆகவே அமெரிக்காவில் அவர் கோபாலசாமியாக நடமாடினார். மருந்துக் கடையில் மிஸஸ் ஜம்புநாதன் என்று கூப்பிட்டால் விசாலாக்ஷி போனாள். ஸ்கூலில் மிஸ் ஜம்புநாதன் என்றால் விஷாகா எழுந்து நின்றாள். ஜம்புநாதன் என்று கூப்பிட்டு அவர் போவதற்கு இந்த நாட்டில் இடமே இல்லாமல் போயிற்று.

“இந்தப் படகுச் சவாரிக்குப் பேரு மாவு மில்லு,” என்று செவ்வாய்க்கிழமை சுற்றிக்காட்டும்போது சொன்னார் எர்ல். பார்க்கின் பழைய மெக்கானிக், எழுபது வயது, இடுப்பில் ஒரு கிலோ சாவி. “படகு இந்தப் பக்கம் உள்ளே போகும், குகைல வளைஞ்சு, அந்தப் பக்கமா வெளியே வரும். ஏழு நிமிஷம்.”

குகை வாயருகே ஓட்டைப் பல் மாதிரி சிதைந்த மர நீர்ச்சக்கரம். அதன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பலகை: ‘இன்றைய பயணிகள்.’ அதற்கு மேலே கூம்பு ஸ்பீக்கர். அதன் ஒயர் அறுந்து, முனை பச்சை பூத்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“குடும்பத்துல ஒருத்தர் பலகைல குடும்பப் பேரை எழுதுவாங்க. ஸ்பீக்கர்ல பேரைக் கூப்பிடுவோம். குடும்பம் ஏறிக்கும்,” என்றார் எர்ல். “எழுதறவர் மட்டும் ஏற மாட்டார். பை, தொப்பி, பாப்கார்ன் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு வெளியே நிப்பார். அப்படி ஒரு வழக்கம்.”

“ஏன் மூடினீங்க? விபத்தா?”

“விபத்தெல்லாம் இல்லை. உள்ளே போனவங்க எண்ணிக்கையும் வெளியே வந்தவங்க எண்ணிக்கையும் என்னைக்கும் சரியாத்தான் இருந்தது.” எர்ல் சாவிக்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். “எண்ணிக்கை மட்டும்.”

பலகைக்குக் கீழே ‘உங்கள் யோசனைகள்’ என்று ஒரு மரப்பெட்டி. எர்ல் பூட்டைத் திறந்தபோது துரு உதிர்ந்தது. உள்ளே ஒன்பது அட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஈரமாக. ஜம்புநாதன் பிரித்துப் படித்தார். வளைவுக்குப் பிறகு விளக்கு வேண்டும். தடுப்புக் கம்பி உட்பக்கமிருந்து திறக்கும்படி இருந்தால் நல்லது. மாற்று ஆளைச் சீக்கிரம் அனுப்பவும். கடைசி அட்டையில், கட்டைவிரல் பட்டதும் மை கரைந்து இழுபட்டது: மறுபடி பெயர் கூப்பிட ஆரம்பியுங்கள். ரொம்ப நாளாகிவிட்டது.

நல்ல யோசனை, என்று தோன்றியது அவருக்கு. ஒவ்வொரு விருந்தாளியையும் பெயர் சொல்லி வரவேற்பது. அதை முதல் யோசனையாக எழுதிக்கொண்டார்.

வீட்டில் இதைக் கேட்டு அதிகம் சந்தோஷப்பட்டவர் அப்பா. கோபாலசாமி நகராட்சி ஆபீஸில் தபால் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். நவம்பரில் ஆறு மாத விசாவில் வந்தவர். வந்த நாள் முதல் மங்கி குல்லாயைக் கழற்றவில்லை, பேனாவையும் கீழே வைக்கவில்லை. அபார்ட்மெண்ட் லாண்டரி ரூமின் நேரம் குறித்து ஒரு மனு. ஸ்கூல் பஸ் ஜன்னல் குறித்து ஒரு மனு. இர்விங்கில் காற்று அதிகம் என்று மேயருக்கே ஒரு மனு எழுதி, அதற்கு நன்றி தெரிவித்துப் பதிலும் வந்திருந்தது.

“எழுதிக்கோடா,” என்றார். “உட்கார பெஞ்சு. குடிக்கத் தண்ணி. கம்பிக்கு பெயிண்ட். கடைசில ‘ஆவன செய்யவும்’னு போடு. அது இல்லாம எதுவும் நகராது.”

“இங்கிலீஷ்ல அதெல்லாம் கிடையாதுப்பா.”

“அதான் உங்க ஊர்ல பார்க்கு மூடிக் கிடக்கு.”

புதன்கிழமை காலை டெப்ரா கூப்பிட்டாள். பெயர் கூப்பிடும் யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. பலகையில் ஒரு பெயர் எழுதி, படகும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பார்க் முதலாளிகளுக்குக் காட்ட வேண்டும்.

அன்று மதியமே போனார். எர்ல் கேட்டைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். மூடிய பாப்கார்ன் கடைகளையும், தார்பாய் போர்த்திய குதிரை ராட்டினத்தையும், உதிர்ந்த ஓக் இலைகள் காலடியில் நொறுங்குவதையும் தவிர வேறெதுவும் இல்லாத பாதையில், நடக்க நடக்கத் தன் காலடிச் சத்தம் கொஞ்சம் தாமதமாகக் கேட்பது போல இருந்தது ஜம்புநாதனுக்கு. மில்லின் நிழலுக்குள் நுழைந்ததும் இலைகள் நொறுங்கவில்லை. அங்கே அவை ஊறிப்போயிருந்தன.

பலகையின் ஓரத்தில் சாக்பீஸ் இருந்தது. என்ன பெயர் எழுதுவது என்று அவர் யோசிக்கவே இல்லை. கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையில் இருந்ததைப் பார்த்து எழுதினார்: கோபாலசாமி.

கேமராவைச் சொடுக்கினார். ஒயர் அறுந்த ஸ்பீக்கர் ஒருமுறை கரகரத்தது. பிறகு நிதானமாக, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு போல ஒரு குரல்:

“கோபாலசாமி.”

எர்லின் வேலை என்றுதான் அவர் எண்ணப் பார்த்தார். ஆனால் ஒன்பது வருஷத்தில் இந்த நாட்டில் ஒருவர்கூட அந்தப் பெயரை ஒழுங்காகச் சொன்னதில்லை. கொப்பாலா என்பார்கள், கோபல் என்பார்கள். இந்தக் குரல் ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் இடத்தில் வைத்துச் சொன்னது. வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிடுகிறவர்கள் சொல்கிற மாதிரி.

அவர் ஓடவில்லை. வேகமாக நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, காய்ந்த தரையில் தன் ஈரக் காலடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளியே போனீங்களாப்பா?”

“இல்லையே. யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல மைக்ல கூப்பிடற மாதிரி. எழுந்து போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை.” கொஞ்சம் யோசித்தார். “மரியாதையாத்தான் கூப்பிட்டாங்க.”

வியாழக்கிழமை அப்பா சோபாவில் உட்கார்ந்த இடத்தில் ஈரம். கார்பெட்டில் ஈரம். டிஷ்வாஷர் ஒழுகுகிறது என்று விசாலாக்ஷி அபார்ட்மெண்ட் ஆபீஸுக்கு இரண்டு தடவை போன் பண்ணினாள். வீடு முழுக்கப் பழைய பூ ஜாடி வாடை. அப்பா இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னே நீட்டி, இல்லாத எதையோ பிடித்துக்கொண்டு, மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தார். அவர் ஆடுகிற தாளத்துக்குச் சுவருக்குள் எங்கோ மரம் முனகியது.

“மாம், தாத்தா இஸ் ஆல் வெட்,” என்றாள் விஷாகா.

“தாத்தாவுக்கு வேர்க்குதுடி கண்ணு. போய் ஹோம்வொர்க் பண்ணு.” பிறகு சமையலறையில், குரலைத் தாழ்த்தி, “என்னங்க, மாமாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. தொட்டா ஐஸ் மாதிரி இருக்கார்.”

“நாளைக்கு பிரசன்டேஷன் முடியட்டும் விசாலம். நாளைக்கு சாயங்காலம்.”

வெள்ளிக்கிழமை காலை அப்பாவின் படுக்கை காலி. வாசல் கதவில் உள்பக்கச் சங்கிலி போட்டபடி இருந்தது. ஜன்னல்கள் தாழிட்டபடி இருந்தன. படுக்கையிலிருந்து புறப்பட்ட ஈரக் காலடிகள் நான்கு எட்டு வந்து, ஹாலின் நடுவில், நின்றுவிட்டன.

போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று விசாலாக்ஷி அழுதாள். சொல்லலாம் என்று சொல்லிக்கொண்டே அவர் லாப்டாப்பைத் திறந்தார். ஏன் திறந்தார் என்று அவருக்கே தெரியாது. புதன்கிழமை எடுத்த போட்டோ. பலகை. பெயர். பின்னால் படகுகள். ஏழாவது படகின் முன் இருக்கையில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பழுப்பு மங்கி குல்லாய்.

“நீ வீட்லயே இரு. விஷாகாவ ஸ்கூலுக்கு அனுப்பாத. நான் போய் அப்பாவ கூட்டிட்டு வரேன்.”

“எங்கே இருக்கார்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியும் என்று தலையை ஆட்டினார்.

வழியில் டெப்ரா மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கேட்டில் எர்ல் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்தார். “பலகைல இருக்கிற பேரை அழிச்சுப் பார்த்தேன்,” என்றார். “தண்ணி ஊத்தி, பிரஷ் போட்டு. போகலை. அடுத்த பேரு எழுதினாத்தான் போகும், தெரிஞ்சுக்கோ.”

மில் வாசலில் வெயில் இருந்தது. பலகையில் கோபாலசாமி என்ற பெயர் புதிதாக எழுதியது போலப் பளிச்சென்று இருந்தது. அவர் வரிசையை எண்ணிப் பார்த்தார். பதினோரு படகுகள். ஏழாவது இருந்த இடம் காலி. யோசனைப் பெட்டியில் பூட்டு இல்லை. உள்ளே ஒரே ஓர் அட்டை. தமிழில். அந்த எழுத்தை அவர் ஆயிரம் மனுக்களில் பார்த்திருக்கிறார்.

‘ஐயா, கீழ்க்கண்ட குறைகளைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். (1) தடுப்புக் கம்பி துருப்பிடித்துள்ளது. (2) வளைவுக்குப் பின் விளக்கு அறவே இல்லை. (3) உடன் பயணிப்போர் கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை. திரும்பிப் பார்ப்பதும் இல்லை. (4) மாற்று ஆள் வந்தால் இறங்கலாம் என்கிறார்கள். ஆவன செய்யவும். இப்படிக்கு, கோபாலசாமி.’

ஜம்புநாதன் அழுதார். அழுதுகொண்டே சாக்பீஸை எடுத்தார். போக வேண்டியவர் தான்தான். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அப்பாவின் பெயர் கலக்காமல், தன் பெயரை மட்டும் எழுத வேண்டும். நெற்றியில் திருநீறு பூசி, காதில் மூன்று முறை சொல்லி, தனக்கென்று வைத்த பெயர்.

ஜம்புநாதன், என்று எழுதினார்.

எழுதி முடித்தபோது மேலே இருந்த பெயர் மறைந்துபோயிருந்தது.

வறண்ட கால்வாயில் தண்ணீர்ச் சத்தம். சளக். சளக். தண்ணீர் இல்லை. சத்தம் மட்டும். குகையின் மறுவாயிலிருந்து ஏழாவது படகு ஆடி ஆடி வந்து நின்றது. படகின் தடுப்புக் கம்பி தானாக மேலே எழும்பியது. அப்பா இறங்கினார். குல்லாயிலிருந்தும் போர்த்தியிருந்த சால்வையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வந்து பலகைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கினார்.

“அப்பா. நான் போறேன். எர்ல் உங்கள வீட்ல விட்டுடுவார். விசாலாக்ஷிகிட்ட—”

கம்பி கீழே விழுந்து பூட்டிக்கொண்டது.

ஜம்புநாதன் அதைத் தூக்கப் பார்த்தார். அசையவில்லை. படகுக்குள் காலை வைக்கப் பார்த்தார். சாதாரண மரப் படகு, முழங்கால் உயரம்தான். ஆனாலும் கால் ஒவ்வொரு தடவையும் வெளியேதான் விழுந்தது. படகு மெல்ல நகர்ந்து குகைக்குள் போய் மறைந்தது.

“யாரு பேர எழுதின?” என்றார் அப்பா.

“என் பேர.”

“எழுதறவன ஏத்தமாட்டாங்கடா.” பல் கிடுகிடுத்தது. “உள்ள எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்காங்க. வேற பேச்சே கிடையாது. அந்தப் பேர்ல வேற யாரு இருக்கா?”

ஸ்பீக்கர் கரகரத்தது.

“ஜம்புநாதன்.”

சற்று இடைவெளி. யாருக்காகவோ காத்திருக்கிற இடைவெளி.

அவர் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது.

“என்னங்க,” விசாலாக்ஷியின் குரல் எங்கோ கிணற்றடியிலிருந்து வருவது போல இருந்தது. “மாமா கிடைச்சாரா? இங்க யாரோ கூப்பிட்டாங்க. மைக்ல. நீங்கதான்னு நெனச்சேன். என் கால் ரெண்டும் ஜில்லுனு... இருங்க. விஷாகா! எங்கடி போற? சாக்ஸ் ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?”

தூரத்தில் குழந்தை சொன்னது. “மாம், தே கால்டு அஸ்.”

“போகாத! அவ கையப் பிடிச்சுக்கோ! விசாலம்!”

சளக். சளக். சத்தம் போனிலிருந்து வந்ததா குகையிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை. பிறகு போனில் எதுவும் இல்லை.

அவர் பலகையை உள்ளங்கையால் தேய்த்தார். சட்டையால் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். பெயர் அப்படியே இருந்தது. அடுத்த பெயர் வேண்டும். அவர் சாக்பீஸை அப்பாவிடம் நீட்டினார்.

“நீங்க எழுதுங்க. கோபாலசாமின்னு எழுதுங்க. நீங்க எழுதினா உங்கள ஏத்தாது. இங்க அது என் பேருதான். என்னைத்தான் கூப்பிடும். எழுதுங்கப்பா.”

மேயருக்கு எழுதியவர், காற்றுக்கு எதிராக மனுப் போட்டவர், வாழ்நாளில் நீட்டிய பேனாவை வேண்டாம் என்று சொல்லாதவர், சாக்பீஸைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். இரண்டு கைகளையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

“என் கையால மாட்டேன்டா.”

“அப்பா!”

“நீயே எழுதிடு.” அவர் படகு வருகிற பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். “நான் ஒருதடவ பார்த்த இடம்தானே.”

குகைக்குள் மரம் முனகியது. பக்கத்தில்.

ஜம்புநாதன் பலகையை நோக்கித் திரும்பினார். சாக்பீஸ் கையில் இருந்தது. கை எழும்பவில்லை.

படகு வெளிச்சத்துக்கு வந்தது. யாரும் இல்லை. காய்ந்த முன் இருக்கையில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு இடங்களில் மரம் கறுத்து ஈரம் பரவத் தொடங்கியது. ஒன்று பெரியது. ஒன்று சிறியது.

பெஞ்சில் அப்பா குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

சிறியதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.